தரைக்குப் போன அசேலியா

உட்காருங்கள் டாக்டரம்மா. மாடியை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் இறங்கிப் போய்விடாது. மழை விடட்டும். வெளிப்படி வழுக்கும். மாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே டாக்டர் இடுப்பை உடைத்துக்கொண்டார் என்றால் இந்த ஊர் ஆறு மாதம் அதையே பேசும். வேறு வேலை கிடையாது இவர்களுக்கு. இந்தாருங்கள், டீ. நன்றாகக் கொதிக்கவிட்டுப் போட்டது. அப்படிப் போட்டால்தான் டீ. வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் உண்டு, அவர்களை விடுங்கள்.

முன்னால் குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. உங்களுக்கு முன்னால் மாடி பார்க்க வந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒருத்தன் வைஃபை வருமா என்றான். ஒரு அம்மாள் பால்கனியில் துணி காயுமா என்றாள். குன்னூரில், ஜூன் மாதத்தில், துணி காயுமா என்று கேட்கிறவளுக்கு வீடு கொடுத்து நான் என்ன செய்வது? யோகா சொல்லித்தருகிற ஒருவர் வந்து இதே இடத்தில் கண்ணை மூடி நின்று, ‘நல்ல அதிர்வு’ என்றார். அதிர்வு வேண்டுமென்றால் ரயில் போகிற பக்கமாக வீடு பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஒரு வருஷமாக மாடி சும்மாதான் கிடக்கிறது. கிடக்கட்டும். யாரோ ஒருவர் தலைக்கு மேலே நடக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை.

அவர் ஏன் போனார் என்றால், அகம்பாவம். ஒரு வார்த்தையில் கேட்டால் அதுதான் பதில். மழை விடுகிற வரைக்கும் நேரம் இருக்கிறது, விவரமாகவே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெயர் ரங்கபாஷ்யம். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள், பெங்களூரில். இங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது, தெரியுமா? கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ‘ஸ்ர்ர்’ரென்று உறிஞ்சி, பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தில் துப்ப வேண்டும். அதற்குச் சம்பளம், பங்களா, ஜீப். நான் பெண்கள் பள்ளியில் கணக்கும் சொல்லிக்கொடுத்து, ஹாஸ்டலையும் கட்டி மேய்த்தேன். எனக்கு யாரும் ஜீப் கொடுக்கவில்லை.

குடிவந்த அன்று மரியாதைக்கு ஒரு டீ கொடுத்தேன். உறிஞ்சினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “டீச்சர், இலை நல்ல இலை. நீங்க கொதிக்கவிட்டே கொன்னுட்டேள்” என்றார். முதல் நாள். வாடகைக்கு வந்த மனுஷன். “செத்ததைக் குடிக்க வேண்டாம் சார், வாசலில் வாளி இருக்கிறது, துப்பிவிடுங்கள்” என்றேன். துப்பவில்லை. முழுவதும் குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் அதே நேரத்துக்கு இறங்கி வந்தார். அதற்கு மறுநாளும். ருசியில்லாததைத் தினமும் எதற்கு வந்து குடிக்க வேண்டும், சொல்லுங்கள். கஞ்சத்தனம். வேறென்ன.

அவருடைய சாமான்களெல்லாம் லாரியில் வந்தன. மரம் மட்டும் ஆட்டோவில், அவர் மடியில் வந்தது. மரம் என்றால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். ஒரு முழம் உயரம் இருக்காது. அடித்தண்டு என் மணிக்கட்டுக் கனம், மேலே குடை மாதிரி ஒரு தலை, அடியில் தாம்பாளம் மாதிரி ஒரு தொட்டி. “இதில் மீன் வறுத்தால் நாலு துண்டு கொள்ளும்” என்றேன். ஐயங்கார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அசேலியா, டீச்சர். போன்சாய்” என்றார், ஏதோ பேத்தியை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

அசேலியா எனக்குத் தெரியாதா? இந்த மலையில் எந்தப் பழைய பங்களா வாசலில் அது இல்லை? ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஏப்ரல் வந்தால் இலையே தெரியாமல் பூக்கிற செடி. அதைப் பிடித்துத் தட்டில் நட்டு, வேரை வெட்டி, கிளையைக் கம்பியால் சுற்றி, இப்படி வளை, அப்படி வளை என்று வளைத்து வைத்திருக்கிறார். ஆளைக் கட்டிப்போட்டால் போலீஸ் வரும். மரத்தைக் கட்டிப்போட்டால் மலர்க்காட்சியில் கோப்பை கொடுக்கிறார்கள். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்: “சார், இது வளர்ப்பது இல்லை. இது வளரவிடாமல் செய்வது.” அவர் சிரித்துக்கொண்டே, “பங்களாத் தோட்டத்தை அழிக்கறப்போ வெட்டிக் குப்பையில போட்ட கட்டை, டீச்சர். நான் எடுத்துண்டு வரலைன்னா அடுப்புக்குப் போயிருக்கும்” என்றார். அதற்கென்ன? குப்பையிலிருந்து எடுத்த பிள்ளையைக் கட்டிலில் கட்டிப்போடலாமா?

அதற்கு வேளாவேளைக்கு உபசாரம் வேறு. போர்வெல் தண்ணீர் ஆகாதாம், சுண்ணாம்பாம், இலை மஞ்சளாகிவிடுமாம். மழைத் தண்ணீர்தான் வேண்டுமாம். என் தகரக் கூரையிலிருந்து விழுகிற தண்ணீரைப் பிடிக்க மாடியில் ஒரு பேரல் வைத்தார். மண்ணும் சாதாரண மண் ஆகாது. தேயிலைக்குப் பிடிக்கிற புளிப்பு மண்தான் இதற்கும் பிடிக்குமாம். பைன் மரத்தடியில் மக்கின மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார், செங்கல் பொடி சலிப்பார், ஆற்று மணலைக் கழுவுவார். தனக்கு என்றால் ஒரு ரசம் வைத்துக்கொள்ளத் துப்பில்லை. இட்லி மாவு வாங்கி மூன்று நாள் ஓட்டுகிற ஆள். வெயில் காலத்தில் இரண்டு வேளை தண்ணீர். ஒரு நாள் விட்டால் காய்ந்துவிடும். அத்தனை சின்னத் தட்டு, அத்தனை கொஞ்சம் மண். தொட்டியில் இருக்கிற மரத்துக்கு ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு அவர் எங்கேயும் போகமாட்டார். அந்த மகள், வசுமதி என்று பெயர், வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். பால்கனியில் நின்றுதான் பேசுவார், காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில். நான் ஒட்டுக்கேட்கவில்லை, துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். “எப்படிம்மா வர முடியும்? மரத்தை யார் பார்த்துப்பா? அங்கே உங்க தண்ணிக்கு ஒரு மாசம் தாங்காது... யார்கிட்டயும் குடுக்க முடியாதும்மா. அது யார் கைக்கும் பழகாது.” ஒரு செடியைக் காட்டி மகளைத் தட்டிக்கழிக்கிற தகப்பனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் நேராகவே கேட்டேன். “அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், லிஃப்ட் இருக்கிறது, சுடுதண்ணீர் குழாயில் வருகிறது. இந்தக் குளிரில் இந்தச் செடிக்காகவா கிடக்கிறீர்கள்?” அவர் டீயை உறிஞ்சிவிட்டு, “செடிக்காகத்தான்னு வெச்சுக்கோங்கோ” என்றார். வைத்துக்கொள்ளுங்களாம். நேராக ஒரு பதில் வராது அந்த வாயிலிருந்து.

யார் கைக்கும் பழகாது என்று மகளிடம் சொன்னாரே, அதுவும் பொய். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தொட்டி மாற்ற வேண்டும். பூ முடிந்த உடனே, மழை இறங்குவதற்குள். மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்ச் சிக்கைப் பிரித்து, அடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண்ணில் வைக்க வேண்டும். அவர் வந்த அடுத்த ஜூனில் மாடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். என்னவோ விழுந்துவிட்டது, ஆள்தான் விழுந்தாரோ என்று ஏறிப் போனேன். செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருக்கிறார். மரம் மடியில், வேரெல்லாம் வெளியே. கையில் ஒரு குச்சி. கை நடுங்குகிறது. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார், குளிருக்கு என்று நினைத்திருந்தேன். குச்சி வேரில் குத்துகிறது, நழுவுகிறது, மறுபடி குத்துகிறது. அசேலியா வேரைப் பார்த்திருக்கிறீர்களா? வேர் என்றே சொல்ல முடியாது. மயிர். பழுப்பு நிறத்தில், கைக்குழந்தையின் தலைமயிர் மாதிரி, ஒன்றோடொன்று பின்னிக் கம்பளியாக இருக்கும்.

எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்தால் எனக்குப் பொறுக்காது. கீழே போய் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். “நகருங்கள். நீங்கள் அடியில் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.”

“நுனியிலேருந்து எடுக்கணும், டீச்சர். மேலேருந்து இழுத்தா அறுந்துடும்.”

“எனக்கா சொல்கிறீர்கள்? ஹாஸ்டலில் எத்தனை பெண்களுக்குச் சிக்கெடுத்திருக்கிறேன், தெரியுமா?”

“அவா அழுவாளோல்லியோ?”

“என் கையில் ஒருத்தியும் அழுததில்லை.”

சிக்கெடுத்தோம். மதியம் முழுக்க அதுதான். மூடுபனி வந்து பால்கனிக்குள் நிறைந்து, எதிரே இருக்கிற வீடு மறைந்து, பிறகு வேலி மறைந்து, அந்த மரமும் நாலு கையும்தான் தெரிந்தன. வேர் ஒவ்வொன்றாகப் பிரிந்து கீழே இறங்கும்போது ஒரு வாசனை வந்தது, மழைக்கும் டீக்கும் நடுவில் ஒன்று. எனக்கு இடுப்பு வலித்ததுதான் மிச்சம். வெட்டி, வைத்து, கம்பி போட்டு அடியில் கட்டி, ஊசியால் மண்ணைக் குத்திக் குத்தி இறக்கினோம். தண்ணீர் விட்டார். தொட்டியின் ஓட்டையிலிருந்து கலங்கலாக வந்தது, பிறகு தெளிவாக வந்தது. “வெட்டின இடத்திலேருந்து இப்போ புது வேர் விடும், டீச்சர். அது வரைக்கும் நாம பார்த்துக்கணும்” என்றார். நாமாம். நான் எப்போது இதில் சேர்ந்தேன்?

அதிலிருந்து வெட்டுகிற வேலையெல்லாம் என் தலையில். மற்ற மரமெல்லாம் உச்சியை நோக்கி ஓடும், டாக்டரம்மா, அசேலியா தலைகீழ். அதன் பலமெல்லாம் அடிக்கிளையில். கீழே இருப்பது தின்று கொழுக்கும், தலை பட்டினி கிடக்கும். அதனால் கீழே தாராளமாக வெட்ட வேண்டும், தலையில் பட்டும் படாமலும் கிள்ள வேண்டும். இதெல்லாம் அவர் உட்கார்ந்து சொல்வார், நான் நின்று வெட்டுவேன். கம்பியை அவிழ்த்ததும் நான்தான், ஒரு கிளையை வேறு பக்கம் திருப்பிக் கட்டியதும் நான்தான். கொடுமை என்று சொன்னவளே செய்கிறாயா என்று கேட்காதீர்கள். ஒருவர் கொடுமையை மோசமாகச் செய்கிறபோது அதைச் சரியாகச் செய்து கொடுப்பது வேறு.

அப்புறம் மரத்துக்கே ஒரு தெளிவு வந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் பூத்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒரே கிளையில், சில இடத்தில் ஒரே பூவிலேயே பாதி பாதி. “அடுத்த வருஷம் மலர்க்காட்சிக்குக் கொண்டுபோகலாம் டீச்சர். அட்டையில ரெண்டு பேர் பேரும் போடணும்” என்றார். என் பெயர் எதற்கு என்றேன். “கை உங்களோடதாச்சே” என்றார். எனக்குப் பெயர் பற்றி என்ன. சர்ச்சில் நாலு பேர் காதில் போட்டுவைத்தேன், அவ்வளவுதான். மாடியில் ஐயங்கார், கீழே தெபோராள் டீச்சர் என்று முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்களே, அவர்கள் வந்து அட்டையைப் படிக்கட்டும், இவள் என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். ஈஸ்டருக்கு எடுக்கிற சேலையைக் கொஞ்சம் நல்லதாக எடுத்தேன். இளஞ்சிவப்புக் கரை. அது தற்செயல்.

போன வருஷம் மொட்டு வைத்தது பாருங்கள், ஒவ்வொரு நுனியிலும் இரண்டு, மூன்று. தினமும் காலையில் ஏறிப் போய்ப் பார்ப்பேன். குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சுக்குப் போனேன். திரும்பி வந்து, கையில் ஓலைச் சிலுவையோடு மாடிக்குப் போனால், மரம் மொட்டை. ஒரு மொட்டு இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை மொட்டு, அவரைப் பருப்பு உரித்து வைத்த மாதிரி. அந்த நடுங்குகிற கையால், நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், ஒன்று விடாமல் கிள்ளியிருக்கிறார்.

“கோச்சுக்காதேள் டீச்சர். தலை வாடறது. இந்த வருஷம் பூத்தா மேல் கிளை போயிடும். ஒரு வருஷம் ஓய்வு குடுத்துட்டா, அப்புறம் நமக்குப் பின்னாலயும் நிக்கும். பூ அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே. எங்கே போகப்போறோம்?”

ஒரு வார்த்தை கேட்டாரா என்னை? ‘கை உங்களோடது’ என்று சொன்னவர், அந்தக் கைக்கு ஒரு வார்த்தை சொன்னாரா? சர்ச்சில் எல்லோரிடமும் மே மாதம் மலர்க்காட்சிக்கு வாருங்கள் என்று சொல்லியாயிற்று. இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் டீ நேரத்துக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். வந்தார், நின்றார், போனார். அதற்கு மறுநாளும். மரத்துக்கு ஓய்வு வேண்டுமாம். எனக்கும் வேண்டாமா?

மே கடைசியில் கண்ணில் ஆபரேஷன் என்று மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது கதவைத் தட்டி, “மூணு வாரம். தண்ணி மட்டும் விட்டேள்னா போதும்” என்றார். விடுகிறேன் என்று உள்ளே இருந்தே சொன்னேன்.

தண்ணீர் விட்டேன். பேரலில் இருந்துதான், மழைத் தண்ணீர்தான். ஒரு வாரம் விட்டேன். ஒரு நாள் காலையில் அந்தத் தட்டையும் அதில் தலைகுனிந்து நிற்கிற மரத்தையும் பார்த்தபோது, அது வந்த முதல் நாளே எனக்குத் தோன்றியது சரிதான் என்று பட்டது. இதற்கு என்ன தலையெழுத்து? எதற்கு ஒரு மனுஷன் மொட்டைக் கிள்ளுகிற வரைக்கும் காத்துக்கொண்டு இருக்க வேண்டும்? கீழே கொண்டுவந்தேன். அதோ, அந்த ஜன்னலுக்கு நேரே குழி வெட்டினேன். வேலைக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. பைன் மண் போட்டேன், தேயிலைத் தோட்டத்து மண் போட்டேன், அடியில் கல் போட்டு வடிகால் செய்தேன். கட்டியிருந்த கம்பியையெல்லாம் அவிழ்த்தேன். வேரை நுனியிலிருந்து பிரித்து, விசிறி மாதிரி விரித்துத் தரையில் வைத்தேன். அவரே செய்திருந்தாலும் அத்தனை நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது. விடுதலை பண்ணினேன் டாக்டரம்மா. ஒரு உயிருக்கு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

அவர் திரும்பி வந்தது ஜூன் நடுவில். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாசலில் பெட்டியை வைத்தார், மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். கத்தட்டும், ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மொட்டுக் கதையையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. குனிந்து, அடியில் விட்டிருந்த ஒரு தளிரைத் தொட்டார்.

“புது வேர் பிடிச்சுடுத்து” என்றார். “இனிமே இந்த வருஷம் தொட முடியாது. தொட்டா செத்துடும்.”

“எதற்குத் தொட வேண்டும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“ஆமாம். இனிமே அதுக்கு யாரும் வேண்டாம்” என்றார். “ஒரு டீ குடுக்கறேளா?”

கொடுத்தேன். குடித்தார். சத்தமே இல்லை. அத்தனை நாள் உறிஞ்சி உறிஞ்சி என் காதைத் தின்ற மனுஷன், அன்றைக்குச் சாதாரண மனுஷர்கள் மாதிரி மெதுவாக, சத்தமில்லாமல் குடித்தார். கடைசியில் ஒழுங்காகக் குடிக்கக் கற்றுக்கொண்டாரே என்று நினைத்தேன். டீயைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வசுமதி காரோடு வந்தாள். நல்ல பெண், எனக்கு ஒரு ஷால் வாங்கி வந்திருந்தாள். இதோ இந்த ஹாலில்தான் நின்று பேசினோம். “அப்பா, இத்தனை வருஷம் செடி, செடின்னேள். இப்போ அதுவும் தரைக்குப் போயாச்சு. இன்னும் என்ன சாக்கு?” என்றாள்.

“நன்றாகக் கேளம்மா” என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஏதோ நான்தான் அடுத்து ஏதாவது சொல்ல வேண்டும் என்பது மாதிரி. நான் சொல்ல என்ன இருக்கிறது? அப்பா மகள் விவகாரம். வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன், வெங்காயம் பூண்டு இல்லாமல், அவருக்கென்று தனியாக. வசுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் அந்தச் செடியை எடுத்து நடலைன்னா அப்பா அசைஞ்சே இருக்கமாட்டார். ரொம்ப தேங்க்ஸ் மாமி” என்றாள். நன்றி தெரிந்த பெண். தகப்பனுக்கு அது இல்லை. தொட்டியையும் மண் சாக்கையும் மாடியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு செடியைத் தரையில் வைத்ததற்கு, இத்தனை கோபம், வீட்டையே காலி செய்கிற அளவுக்கு. சொல்லுங்கள், இது அகம்பாவம் இல்லாமல் வேறென்ன?

நீங்கள் ஏன் கோப்பையையே பார்க்கிறீர்கள்? டீ ஆறிவிட்டதா? வேறு தரட்டுமா?

வேண்டாமென்றால் சரி.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை ஃபோன் செய்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, “மரம் எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் விடுவேனா? “ரொம்ப நன்றாக இருக்கிறது. யாரையும் கேட்காமல் வளர்கிறது. யாருடைய தயவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை” என்றேன். அங்கே பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. “சந்தோஷம் டீச்சர்” என்றார். வைத்துவிட்டார். பொங்கலுக்கு ஃபோன் வரவில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஃபோன் வராதாம்.

இப்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. அதோ. எத்தனை அகலம் பார்த்தீர்களா? அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது, பாவாடை விரித்த மாதிரி. மாடு தின்றால் இது விஷம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. மார்ச்சில் காட்டெருமை வந்து வேலியையெல்லாம் மிதித்துத் தள்ளிவிட்டுப் போனது, இதை மட்டும் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதற்குக்கூட மரியாதை தெரிகிறது. ஏப்ரலில் பூத்தது. சர்ச்சிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, ‘அழகா இருக்கே, எந்த நர்சரியில வாங்கினீங்க?’ என்றார்கள். உச்சியில் ஒரு கிளை காய்ந்திருக்கிறதே என்கிறீர்களா? காற்றுதான். வேறொன்றும் இல்லை. அவர் கணக்குப்படி கீழே வெட்டாததால் தலை பட்டினி. அவர் கணக்கு அவருக்கு.

ஆனாலும் பூ முடிந்துவிட்டது. மழை இன்னும் கனக்கவில்லை. செய்வதென்றால் இந்த ஒரு வாரம்தான். போன வருஷம் தொட்டால் செத்துவிடும் என்றார், இந்த வருஷம் தொடலாம். ஒரு வருஷ வேர்தான், ஆழம் போயிருக்காது, அசேலியா வேர் மேலாகத்தான் ஓடும். சுற்றிலும் மண்வெட்டி போட்டு எடுத்து, பாதிக்கு மேல் வெட்டி, மறுபடியும் அந்தத் தட்டில் வைத்துவிடலாம். மாடியில் பேரல் நிரம்பியிருக்கிறது, நான்தான் தூசி விழாமல் மூடி வைத்திருக்கிறேன். மண்ணையும் சலித்தாயிற்று. ஒரு ஆள் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் சிக்கெடுத்து வெட்ட வேண்டும். ஒருத்தியாக முடிகிற வேலை இல்லை. முந்தாநாள் முயன்று பார்த்துவிட்டேன். நீங்கள் கன்றுக்குட்டியையெல்லாம் பிடிக்கிறவர், உங்கள் கை நடுங்காது.

மாடி விஷயமா? மாடியை அப்புறம் பேசலாம். அதை யாருக்காவது கொடுத்தே தீரவேண்டும் என்று எனக்கு அவசரம் இல்லை. போஸ்ட் ஆபீஸ் பக்கத்தில் நல்ல வீடு ஒன்று காலியாக இருக்கிறது, வெயில் விழும், நானே பேசி முடித்துத் தருகிறேன்.

நன்றாக நிற்கிற மரத்தை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். டிசம்பரில் அந்த மனுஷன் மறுபடி ஃபோன் செய்தால், மரம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். அவருக்கு வேறொன்றும் கேட்கத் தெரியாது. அப்போது நான் சொல்ல வேண்டும்: வேரை வெட்டித் தொட்டியில் வைத்திருக்கிறேன், தலை வாடுகிறது, ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் போய்விடும், என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை, டாக்டரம்மா. அதனால் அது அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

நாளைக் காலையில் வாருங்கள். பழைய சேலையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் அடியில் பிடித்துக்கொண்டால் போதும், வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.